வீட்ல அறுபது தாண்டினவங்க இருக்காங்களா? மதுரைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதிலும்

நான் 32 வருஷம் நர்ஸா வேலை பாத்து ரிட்டையர் ஆனவ. வீடு செல்லூர். ரிட்டையர் ஆன நாள்லருந்து எங்க தெருவுல யார் வீட்ல வயசானவங்களுக்கு என்னன்னாலும் "சிஸ்டர், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க"ன்னு கூப்புடுவாங்க, திருமங்கலம் உசிலம்பட்டி மேலூர்னு சொந்தக்காரங்க போன்லயும் கேப்பாங்க, ஒரே பதிலை நாலு பேருக்கு நாலு தடவ சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போயி கடைசியில எழுதியே வச்சுட்டேன். நான் டாக்டர் இல்ல. மாத்திரைய நிறுத்துறது, கூட்டுறது, குறைக்கிறதெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும், அத முதல்லயே சொல்லிர்றேன்.

வயசானா இதெல்லாம் வரத்தானங்க செய்யும், இதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு அலையணுமா?

நான் அதிகமா கேட்ட வார்த்தை இதுதான், என்னைய அதிகமா கோவப்படுத்துன வார்த்தையும் இதுதான். முடி நரைக்கும், தோல் சுருங்கும், நடை கொஞ்சம் மெதுவாகும், பேர் சட்டுன்னு வாயில வராது, சரி, அது வயசு. போன வாரம் வரைக்கும் தெருமுக்கு கடைக்குப் போயி வெத்தலை வாங்கிட்டு வந்த அய்யா இந்த வாரம் கட்டில்ல இருந்து எந்திரிக்க மாட்டேங்குறாருன்னா அத வயசுன்னு எப்படி சொல்றது, ஒரே வாரத்துல யாருக்காவது பத்து வயசு கூடுமா? உள்ள ஏதோ நடக்குது. யூரின்ல இன்ஃபெக்ஷனா இருக்கலாம், உப்புச்சத்து குறைஞ்சிருக்கலாம், நிமோனியாவா இருக்கலாம், சத்தமில்லாம வந்த ஹார்ட் அட்டாக்கா கூட இருக்கலாம். வயசானவங்களுக்கு நோய் வர்ற விதமே வேற. நிமோனியான்னா நமக்கு காய்ச்சல் இருமல்னு வரும், 80 வயசு அம்மாச்சிக்கு காய்ச்சலே அடிக்காது, சாப்பாடு வேணாங்கும், பேச்சு குழறும், தடுமாறி விழும், அவ்வளவுதான். அத "வயசாயிருச்சு"ன்னு விட்டுட்டு மூணு நாள் கழிச்சு தூக்கிட்டு வருவாங்க.

ஜெரியாட்ரிக்ஸ் டாக்டர்னு சொல்றாங்களே, அவர் என்ன புதுசா பாப்பார்?

முதியோர் மருத்துவம்னு தமிழ்ல சொல்லலாம். ஜெரியாட்ரிக்ஸ்ங்கிற பேர 1909ல இக்னாட்ஸ் நாஷர்னு அமெரிக்காவுல ஒரு டாக்டர் வச்சாரு. 1930கள்ல லண்டன் பக்கம் மார்ஜரி வாரன்னு ஒரு அம்மா, இனி தேறாதுன்னு படுக்கையிலயே போட்டு வச்சிருந்த கிழவன் கிழவிகளை ஒவ்வொருத்தரா சோதிச்சுப் பாத்து, எழுப்பி நடக்க வச்சு பல பேர வீட்டுக்கு அனுப்ப முடியும்னு காட்டுனாங்க. நம்ம ஊர்ல இதுக்கு ஆரம்பம் சென்னைதான். 1978ல சென்னை பெரியாஸ்பத்திரியில டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குன்னு தனி ஓபி ஆரம்பிச்சாரு, 1996ல அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல எம்.டி. படிப்பாவே வந்துச்சு, இந்தியாவுல அதுதான் முதல்ல. 2012ல அவருக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க.

வித்தியாசம் என்னன்னா, ஹார்ட் டாக்டர் ஹார்ட்டப் பாப்பாரு, சுகர் டாக்டர் சுகரப் பாப்பாரு. இவங்க, தானா குளிக்கிறாரா, தானா எந்திரிக்கிறாரா, ராத்திரி எத்தன தடவ பாத்ரூம் போறாரு, பல்லு இருக்கா, பேசுனா கேக்குதா, வீட்ல யார் சமைக்கிறா, மாத்திரைய யார் எடுத்துக் குடுக்குறான்னு கேப்பாங்க. இதெல்லாம் ஒரு கேள்வியான்னு தோணும். வைத்தியமே அங்கதான் இருக்கு.

மதுரையில எங்க போறது? எந்த வயசுலருந்து?

நம்ம பெரியாஸ்பத்திரியில, அதான் ராஜாஜி ஆஸ்பத்திரியில, முதியோருக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போடுற எடத்துல கேட்டா எந்த நாள் எந்த ரூம்னு சொல்லுவாங்க. மத்திய அரசோட முதியோர் நலத் திட்டம்னு 2010லருந்து ஒண்ணு ஓடுது, மாவட்ட ஆஸ்பத்திரியில 10 பெட்டு முதியோர் வார்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரத்துல ஒரு நாள் முதியோர் கிளினிக்னு அதோட அமைப்பு. உங்க ஊர் பிஹெச்சியில அந்த நாள் எதுன்னு கேட்டு வச்சுக்கோங்க, கேக்க ஆள் இருந்தாத்தான் நடக்கும். சென்னை கிண்டியில 200 பெட்டோட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில தொறந்திருக்காங்க, ஆனா எல்லாத்துக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதில்ல.

வயசுன்னு பாத்தா கணக்குக்கு 60. என்னையக் கேட்டா மூணு விஷயத்துல ஒண்ணு இருந்தா போங்க: ஒரு வருஷத்துல ஒரு தடவையாவது கீழ விழுந்திருந்தா, அஞ்சு மாத்திரைக்கு மேல போட்டா, காரணமில்லாம எடை குறைஞ்சா. சர்க்கரை பிரஷர் மட்டும்னா மக்களைத் தேடி மருத்துவத்துலயே, 2021 ஆகஸ்ட்ல வந்த திட்டம், வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை குடுக்குறாங்க, நடக்க முடியாதவங்களுக்கு பிசியோதெரபியும் உண்டு.

எங்க அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. எலும்பு முறிவு இல்ல. இனி விழாம இருக்க என்ன செய்ய?

இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா 65க்கு மேல இருக்குறவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழறாங்க, ஒரு தடவ விழுந்தவங்க மறுபடி விழ வாய்ப்பு அதிகம்.

எங்க தெருவுல ஒரு அப்பத்தா, 76 வயசு. மூணு மாசத்துல ரெண்டு தடவ விழுந்துருச்சு, ரெண்டும் விடியக்காலம் நாலரை மணிக்கு, ரெண்டும் பாத்ரூம் வாசல்ல. மகன் டைல்ஸ் வழுக்குதுன்னு புது டைல்ஸே போட்டுட்டாரு, பாவம் நல்ல செலவு. நான் போயி என்ன பண்ணுனேன்னா, அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பிபி பாத்தேன், எந்திரிச்சு நிக்கச் சொல்லி ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் மறுபடி பாத்தேன். படுத்திருக்கப்ப மேல இருக்குற நம்பர் 150, நிக்கும்போது 118. இருபதுக்கு மேல எறங்குனாலே அது பிரச்சனைதான், இங்க முப்பத்திரெண்டு. அப்பத்தா ராத்திரி படுக்கப் போகும்போது பிரஷர் மாத்திரையும், நீர் போறதுக்கு ஒரு மாத்திரையும் சேத்துப் போட்டுட்டு இருந்துச்சு. நீர் மாத்திரை எழுப்பி விடுது, எந்திரிச்சு நின்ன உடனே ரத்தம் காலுக்கு எறங்கி தலை கிறுகிறுக்குது, வாசப்படி தடுக்குது. டாக்டர்கிட்ட இந்த ரெண்டு நம்பரையும் எழுதிக் குடுத்து அனுப்புனேன், அவர் நேரத்த மாத்திக் குடுத்தாரு, டோஸும் குறைச்சாரு. அதுக்கப்புறம் விழல.

அதனால விழுந்தவங்கள எலும்பு டாக்டர்கிட்ட காட்டுனதோட நிறுத்தாதீங்க, ஏன் விழுந்தாங்கன்னு கேளுங்க. எத்தன மணிக்கு, எந்த எடத்துல, எந்திரிச்ச உடனேயா நடக்கும்போதா, என்ன செருப்பு, என்ன மாத்திரைன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கண்ணாடி பவர் பாத்து எத்தன வருஷம் ஆச்சு? படுக்கையிலருந்து எந்திரிச்சா ரெண்டு நிமிஷம் கால தொங்கப் போட்டு உக்காந்துட்டு அப்புறம் நிக்கணும். ராத்திரி ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியட்டும். கக்கூஸ் பக்கத்துல கம்பி வைங்க, துண்டு காயப்போடுற ஸ்டாண்டு இல்ல, செவத்துல போல்ட் போட்டு எறுக்குன கம்பி. வீட்டுக்குள்ள மிதியடின்னு பழைய சேலைய மடிச்சுப் போடுறோமே, அத முதல்ல தூக்கிப் போடுங்க. எண்ணெ தேச்சுக் குளிக்கிற அன்னைக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வேணாம், நாலு காலும் அசையாத நாற்காலி போடுங்க.

இன்னொண்ணு. தலையில அடிபட்டு அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு வாரம் கழிச்சு தலைவலி, தூக்கக் கலக்கம், கால் இழுக்குறதுன்னு வரும். மூளைக்கு மேல மெதுவா ரத்தம் கட்டியிருக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்களுக்கு இந்த பயம் அதிகம். உடனே ஸ்கேன் எடுங்க.

அப்பாவுக்கு பதினோரு மாத்திரை. இத்தனையும் வேணுமா?

ஜவுளிக்கடை மஞ்சப்பையில எல்லா மாத்திரையையும் கொட்டிக் கொண்டுவரச் சொல்லுவேன். நாட்டு மருந்து, மெடிக்கல்ல கேட்டு வாங்குனது, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்தது, எல்லாம். ஒருத்தர் பையில ஒரே பிரஷர் மாத்திரை ரெண்டு வேற வேற கம்பெனி பேர்ல இருந்துச்சு, ரெண்டு டாக்டர் எழுதுனது, அவரு ரெண்டையும் போட்டுட்டு இருந்தாரு.

மருந்தோட பக்கவிளைவ புது நோய்னு நெனச்சு அதுக்கு இன்னொரு மருந்து எழுதுறது அடிக்கடி நடக்கும். அம்லோடிபின்னு ஒரு பிரஷர் மாத்திரை, நல்ல மாத்திரைதான், சில பேருக்கு கால் வீங்கும். கால் வீங்குதுன்னு நீர் மாத்திரை எழுதுவாங்க. அதுல ரத்தத்துல இருக்குற உப்புச்சத்து, அதான் சோடியம், குறையும். சோடியம் குறைஞ்சா தடுமாற்றம், குழப்பம். தலைசுத்துதுன்னு சின்னாரிசின் எழுதுவாங்க, அத மாசக்கணக்கா போட்டா கை நடுங்கி பார்க்கின்சன் மாதிரியே ஆயிரும். அப்ப நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. ஒரு மாத்திரை நாலாச்சா?

வயசானவங்களுக்கு ஆகாத மருந்துன்னு பியர்ஸ் பட்டியல் ஒண்ணு இருக்கு, 1991ல அமெரிக்காவுல மார்க் பியர்ஸ்ங்கிற டாக்டர் ஆரம்பிச்சது, இன்னைக்கும் புதுப்பிச்சுக்கிட்டே வர்றாங்க. தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் போடுற பழைய தூக்கம் வர்ற மாத்திரைங்க, கிளிபென்கிளமைடுனு ஒரு பழைய சுகர் மாத்திரை, நாள் கணக்கா வலி மாத்திரை, இதெல்லாம் அதுல வரும். வலி மாத்திரைய நம்ம ஊர்ல மிட்டாய் மாதிரி சாப்பிடுறாங்க, முழங்கால் வலிக்கு மெடிக்கல்ல "ரெண்டு குடுங்க தம்பி"ன்னு வாங்கி வருஷக்கணக்கா முழுங்கி கடைசியில கிட்னியில போயி நிக்குது.

இதப் படிச்சுட்டு நாளைக்கே எதையும் நிறுத்தாதீங்க, தூக்க மாத்திரையவும் சட்டுன்னு நிறுத்தக்கூடாது. மஞ்சப்பையோட டாக்டர்கிட்ட போயி "இதுல எது இப்ப தேவை, எதக் குறைக்கலாம்"னு கேளுங்க. அந்தக் கேள்விய யாரும் கேக்காததாலதான் அதுபாட்டுக்கு கூடிக்கிட்டே போகுது.

ஆத்தாவுக்கு ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல. வயசானா குறைச்சுத்தான சாப்பிடணும்?

அளவு குறையலாம், புரதம் குறையக்கூடாது. 50 கிலோ எடைன்னா நாளைக்கு 50லருந்து 60 கிராம் புரதம் வேணும். ரெண்டு இட்லியில 4 கிராம் வந்தா பெரிசு. ராத்திரியும் ரசஞ்சோறு, மத்தியானம் கஞ்சின்னா எங்கருந்து வரும்? உடம்பு சொந்த சதையத்தான் தின்னும், தொடை ஒல்லியாகும், எந்திரிக்க முடியாது, அப்புறம் "வயசாயிருச்சு".

ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6, ஒரு கிண்ணம் கொண்டக்கடலை சுண்டல் 8க்கு மேல. பல்லு இல்லைன்னா சுண்டல அரைச்சு அடையா ஊத்துங்க, பாசிப்பயற குழைய வேகவச்சு வெல்லம் போடாம குடுங்க, இட்லிக்கு தேங்காச் சட்னிக்குப் பதிலா பொட்டுக்கடலச் சட்னி கெட்டியா அரைங்க. அயிரை மீனு முள்ளோட மெல்லலாம், அதுக்கு நிகரு எதுவும் இல்ல. நெஞ்செலும்பு சூப்ப மட்டும் குடிச்சுட்டு கறிய பேரனுக்கு குடுக்குற அப்பத்தா எல்லாம் கேட்டுக்கோங்க, சத்து கறியிலதான் இருக்கு, சூப்புல ருசிதான் இருக்கு. கிட்னி பிரச்சனை உள்ளவங்க மட்டும் புரத அளவ டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பல்லப் பத்தியும் இங்கயே சொல்லிர்றேன். பல்செட்டு லூசா இருக்குன்னு கழட்டி டம்ளர்ல போட்டு வச்சுட்டு ஆறு மாசம் கஞ்சி குடிச்ச ஆளுக நெறைய. திரும்பப் போயி சரி பண்ணுங்கப்பா.

80 வயசுல உடற்பயிற்சியா? விளையாடுறீங்களா சிஸ்டர்?

1990ல அமெரிக்காவுல ஒரு முதியோர் இல்லத்துல, சராசரி 90 வயசு, பத்து பேர வச்சு காலுக்கு எடை தூக்குற பயிற்சி குடுத்தாங்க. எட்டு வாரத்துல கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. தொண்ணூறு வயசுல! அதுக்கப்புறம் எண்பதுக்கு முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

எடை எல்லாம் வேணாம். கை வைக்காம நாற்காலியிலருந்து எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. முதல் வாரம் அஞ்சு தடவ, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. நாற்காலி செவத்தோட ஒட்டி இருக்கணும், பக்கத்துல ஆள் நிக்கணும். அடுப்படி மேடைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு குதிகால தூக்கி எறக்குறது பத்து. ரேஸ்கோர்ஸ்ல காலையில நடக்குறவங்களுக்கும் இதேதான், நடை மட்டும் போதாது, நடையில தொடைக்கு பலம் வராது.

வீட்லயே ஒரு சோதனை இருக்கு. நாற்காலியிலருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், போன்ல டைம் பாருங்க. 12 செகண்டுக்கு மேல ஆனா விழுற ஆபத்து இருக்குன்னு அர்த்தம்.

மறதின்னா அல்சைமரா?

சாவிய எங்க வச்சோம்னு மறக்குறது எனக்கும் இருக்கு. சாவி எதுக்குன்னே தெரியாமப் போறது வேற. சோத்த வச்சு குழம்பு ஊத்துற வரிசை தப்புறது, பழகுன தெருவுல வழி தெரியாம நிக்கிறது, ரூபா எண்ணத் தெரியாமப் போறது, இதெல்லாம் பாக்க வேண்டியது. லாசின்னு நாடு முழுக்க 45 வயசுக்கு மேல 72,000 பேருக்கும் மேல எடுத்த ஆய்வு, அதோட கிளை ஆய்வுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதான் மறதிநோய், இருக்குன்னு கணக்கிட்டாங்க, ஆளு எண்ணிக்கையில கிட்டத்தட்ட 88 லட்சம்.

ஆனா டிமென்ஷியான்னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி தைராய்டு, பி12, மனச்சோர்வு, மாத்திரை, இத்தனையும் பாக்கணும், ஏன்னா இதெல்லாம் சரி பண்ண முடிஞ்சது. வீட்டுக்காரர் இறந்து ஆறு மாசமா பேசாம உக்காந்திருந்த ஒரு பெரியம்மாவ மறதிநோய்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, கடைசியில மனச்சோர்வு, மருந்துல சரியாச்சு. நேத்து நல்லா இருந்தவங்க இன்னைக்கு ராத்திரி செத்துப்போன தம்பிகூட பேசுறாங்க, துணிய பிடிச்சு இழுக்குறாங்கன்னா அது டெலிரியம், திடீர்னு வர்ற குழப்பம், அவசரம். பேய் புடிச்சிருச்சுன்னு தாயத்து கட்டக் கூட்டிட்டுப் போனதையும் பாத்திருக்கேன். சோடியம் பாத்தா 118, ரொம்பக் குறைவு. ரெண்டு நாள்ல தெளிஞ்சுட்டாங்க.

காது கேக்கல, ஆனா மெஷின் மாட்ட மாட்டேங்குறாரு.

2024ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு சொன்னதுல டிமென்ஷியாவுல 45 சதவீதம் வரைக்கும் தள்ளிப்போடவோ தடுக்கவோ வழி இருக்கு, 14 காரணம் சொல்றாங்க, அதுல காது கேக்காம விடுறதும் பார்வை மங்கினத விடுறதும் உண்டு. முதல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாருங்க, சில கேஸ் அங்கயே முடிஞ்சுரும். மெஷின் மாட்டுனா முதல் மாசம் மிக்சி சத்தம் இடி மாதிரி கேக்கும், கழட்டி வச்சுருவாங்க, அப்ப விடாம ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு பழக்குங்க.

கண்ணுக்கு நாம குடுத்து வச்சவங்க. அரவிந்த் ஆஸ்பத்திரிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஆரம்பிச்சது 1976, அரசு வேலையிலருந்து ரிட்டையர் ஆகி 58 வயசுல, வாடகை வீட்ல 11 பெட்டு. வாலிபத்துலயே ருமாட்டிசத்துல விரல் எல்லாம் கோணிப்போன மனுஷன், அந்தக் கையாலயே கண்ணு ஆபரேஷன் பண்ணிப் பழகுனவரு. 1992ல அரவிந்தோட ஆரோலேப்ல புரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ இங்கயே செய்ய ஆரம்பிச்சு வெலைய எங்கயோ கொண்டுபோயி எறக்கிட்டாங்க. அவர் பொறந்த நாள் அக்டோபர் 1, ஐ.நா. சபையோட முதியோர் தினமும் அதே நாள், தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதச் சொல்லிக்காட்டப் புடிக்கும். இத்தனை கிட்டத்துல இருந்தும் "புரை இன்னும் முத்தட்டும்"னு காத்திருக்குறவங்க இன்னும் இருக்காங்க. முத்தணும்ங்கிறது அந்தக் காலத்துக் கதை.

படுத்த படுக்கையா இருக்காரு. ஊர்ல பெரியவங்க எண்ணெ தேச்சு எளநி குடுத்து அனுப்பி வச்சுரலாம்ங்குறாங்க.

இந்தக் கேள்விய யாரும் நேரா கேக்க மாட்டாங்க, சுத்திச் சுத்திக் கேப்பாங்க. தலைக்கூத்தல்னு பேர், மதுரைக்குத் தெக்க விருதுநகர் பக்கம் எல்லாம் ரொம்ப காலமா இருக்குற பழக்கம், எல்லாருக்கும் தெரியும். பேரு என்ன வேணா வைங்க, சட்டத்துல அது கொலை.

திட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த வீடுகளுக்குள்ள போயிருக்கேன். படுக்கைப்புண்ணு நாத்தம், ராத்திரி முழுக்க முனகல், தூக்கமில்லாத மருமக, வேலைக்குப் போக முடியாத மகன். வலியையும் புண்ணையும் அடக்குனாலே அந்த வீட்டுல பேச்சு மாறிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைங்க, செவத்துல நேரம் எழுதி ஒட்டுங்க, குதிகாலுக்கு அடியில படாம கெண்டைக்காலுக்கு தலகாணி வைங்க, ஈரம் இருக்கவே கூடாது, செவந்த எடத்தத் தேய்க்காதீங்க. வலிக்கு மார்ஃபின் வரைக்கும் மருந்து இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துலயே வலி தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கு வருவாங்க, உங்க பிஹெச்சியில பேர் பதிஞ்சீங்களா? அத செஞ்சிட்டு என்கிட்ட பேசுங்க.

ஆளு வச்சு பாத்துக்கலாமா? ஏஜென்சி நம்பலாமா?

எங்க அம்மா கடைசி வருஷத்துல நானே ஒரு ஏஜென்சியில ஆள் கேட்டேன், "ட்ரெய்னிங் முடிச்ச பொண்ணு"ன்னாங்க. வந்த புள்ளைக்கு 19 வயசு, முதல் நாள் அம்மாவ மல்லாக்கப் படுக்க வச்சு டம்ளர்ல பால ஊத்துச்சு, புரையேறிருச்சு. அந்தப் புள்ள மேல தப்பு இல்ல, மூணு நாள்கூட யாரும் அதுக்கு சொல்லிக் குடுக்கல, வாங்குன காசுல பாதி அதுக்குப் போகவும் இல்ல. ஆள் வந்தா முதல் நாள் கூடவே நின்னு உக்கார வச்சு ஊட்டத் தெரியுதா, பக்கம் மாத்தத் தெரியுதான்னு பாருங்க. மாசத்துல ரெண்டு நாள் லீவும் குடுங்க. வீட்லயே பாத்துக்குற மருமகளுக்கும் மகளுக்கும் அந்த ரெண்டு நாள் லீவு உண்டா? அத எந்த வீட்லயும் யாரும் கேக்குறதில்ல.

இதப் படிக்க படிப்பு இருக்கா?

டாக்டருக்கு எம்.பி.பி.எஸ். முடிச்சு எம்.டி. மூணு வருஷம், வேலையிலருக்குற டாக்டருக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல முதியோர் மருத்துவத்துல பி.ஜி. டிப்ளமோ இருக்கு. பராமரிப்பாளருக்கு மத்திய அரசோட தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பயிற்சி நடத்துது. 2011 கணக்கெடுப்புலயே தமிழ்நாட்டுல 10.4 சதவீதம் பேர் 60 தாண்டினவங்க, இப்ப இன்னும் கூடியிருக்கும், வேலைக்குப் பஞ்சம் வராது.

ஆராய்ச்சிக்குன்னு வந்து ரத்தம் கேக்குறாங்க. குடுக்கலாமா?

விவரம் கேட்டுட்டு குடுக்கலாம். எந்த நிறுவனம், நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா, ஒப்புதல் படிவம் தமிழ்ல இருக்கா, வேணாம்னா எப்ப வேணா விலகலாமான்னு கேளுங்க, விலகுனா உங்க வழக்கமான வைத்தியத்துல கை வைக்கக்கூடாது. கைநாட்டு வாங்குனா சாட்சி ஒருத்தர் இருக்கணும். மறதி உள்ளவங்கன்னா வீட்டு ஆள் சம்மதமும் வேணும்.

வேணும்தானான்னா, வேணும். மருந்து சோதனையில ரொம்ப வயசானவங்கள பெரும்பாலும் சேக்குறதே இல்ல, 50 வயசுக்காரருக்கு சோதிச்சத 85 வயசுக்கு எழுதுறாங்க. ஆஸ்பிரின் கதையப் பாருங்க, ஹார்ட்டுக்கு நல்லதுன்னு தினம் ஒண்ணு முழுங்குறது ஒரு பழக்கமாவே ஆகிப்போச்சு. ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் நல்லா இருந்த 19,000 முதியோருக்கு மேல வச்சு சோதிச்சுப் பாத்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு: ஊனமில்லாத ஆயுசு கூடல, ரத்தக்கசிவுதான் கூடிச்சு. ஏற்கனவே அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வச்சவங்க நிறுத்தக்கூடாது, அது வேற கணக்கு.

வீட்ட மகன் பேர்ல எழுதிக் குடுத்துட்டேன், இப்ப சோறு போட மாட்டேங்குறான்.

2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல, வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்ல, மனு குடுக்கணும், வக்கீல் தேவையில்ல. சட்டத்துல மாசம் 10,000 ரூபா வரைக்கும் ஜீவனாம்சம் வாங்கலாம். பாத்துக்கணும்னு நிபந்தனை போட்டு எழுதிக் குடுத்து, அவங்க பாக்கலைன்னா 23ஆவது பிரிவுல அந்தப் பத்திரத்தயே செல்லாம ஆக்கலாம். அதனால இனிமே தான செட்டில்மென்ட் எழுதுறவங்க அந்த நிபந்தனைய பத்திரத்துலயே எழுதுங்க, "நம்ம புள்ளதான"ன்னு விட்டுறாதீங்க. மனுவுக்கு ஆள் இல்லாம, தனியா இருந்தா, யாராவது அடிச்சா 14567க்கு போன் போடுங்க, முதியோர் உதவி எண், காசு கிடையாது, காலையில 8லருந்து ராத்திரி 8 வரைக்கும் எடுப்பாங்க.

தடுப்பூசி கொழந்தைகளுக்குத்தான?

ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒண்ணு, நிமோனியா ஊசி எப்ப போடணும்னு டாக்டர் சொல்லுவாரு. ஆஸ்துமா, சுகர், ஹார்ட் இருக்குறவங்க தள்ளிப்போடாதீங்க.

சித்திரைத் திருவிழாவுக்கு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அடம் புடிக்கிறாங்க.

கூட்டிட்டுப் போங்க. வயசானவங்களுக்கு தாகமே தெரியாது, அதனால கேக்காமலே மோரு குடுத்துக்கிட்டே இருங்க, தொப்பியோ ஈரத்துண்டோ தலையில இருக்கட்டும். நீர் மாத்திரை போடுறவங்கன்னா முதல் நாளே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. உங்க போன் நம்பர ஒரு சீட்டுல எழுதி சேல முந்தியில முடிஞ்சு விடுங்க. கூட்டத்துக்குள்ள விடாம, கோரிப்பாளையம் பக்கம் தெரிஞ்சவங்க மாடி எதாவது இருந்தா முந்தின ராத்திரியே கொண்டுபோயி உக்கார வச்சுருங்க. எங்க அம்மாவ 83 வயசுல அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன், அழகர் எறங்குனதும் தூங்கிருச்சு, எழுப்பாம விட்டுட்டேன்.